காற்றில்லாத நாளில் கயிறு

புந்தா அரேனாஸில் காற்று வலுக்கும் மாதம்
நகராட்சிக்காரர்கள் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
நடப்பவர்கள் பறந்துபோகாமலிருக்க.
இன்று காற்றில்லை.
நான் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நடைபாதை இடப்பக்கமாய்ச் சரிகிறது.
மருந்துக்கடை, அதன் பச்சைச் சிலுவை, ஒரு நாய்,
எல்லாம் சேர்ந்து சரிகின்றன.
நாய்க்கு ஒன்றும் தெரியவில்லை.

மற்றவர்க்குத் தலைசுற்றல் தலைசுற்றல்தான்.
எனக்கு அது கணக்கு:
இந்தப் பக்கம் விழுந்தால் மணிக்கட்டு,
அந்தப் பக்கம் என்றால் இடுப்பு,
ஆறு வாரம், பன்னிரண்டு வாரம்,
நண்டு ஆலையில் என் கணக்கர் நாற்காலி
அதற்குள் யாருக்கு.

முப்பத்தெட்டு முறிவுகள் இதுவரை.
ஒவ்வொன்றையும் கேட்டிருக்கிறேன்.
வலி வருவதற்கு இமைப்பொழுது முன்னால்
உள்ளிருந்து ஓர் ஒலி,
ஆலையில் நண்டுக்கால் ஒடிக்கும்போது வருமே, அது.
தும்மலில் போன விலாகூடச்
சொல்லிவிட்டுத்தான் போனது.

இதைக் கேட்கவில்லை.
மருத்துவர் ஒயார்சூன் காகிதத்தில் வரைந்தார்:
உடம்பிலேயே சின்ன எலும்பு,
அரிசிமணியில் பாதி,
பெயர் அங்கவடி.
சிரித்துவிட்டேன்.
குதிரைப் பக்கமே விடாமல் வளர்த்த பிள்ளை நான்.
"ஒரு கால் ஒடிந்திருக்கிறது, அடித்தட்டு இறுகிவிட்டது,
அறுத்துப் பார்க்கலாம், சுற்றல் கூடினாலும் கூடும்"
என்றார், வலக்காதுப் பக்கம் குனிந்து.
கேட்கிற எலும்பே ஒடிந்தால்
ஒடிவதை எதைக்கொண்டு கேட்பது?

அம்மா ஸ்லாத்தாவிடம்
உப்புக் கேட்டால் கத்தரிக்கோல் வரும்.
நானும் ராதோமிரும் மேசைக்கடியில்
உதைத்துக்கொண்டு சிரிப்போம்.
மெல்லத்தான் உதைப்போம், அவனுக்கும் இதே எலும்பு.
அவள் கண்வெள்ளையின் நீலம்
அப்படியே எங்களுக்கு வந்திருப்பதாக
அத்தைகள் மெச்சுவார்கள்.
கத்தரிக்கோலும் வரும் என்று
யாரும் சொல்லவில்லை.

நேற்று ராதோமிர் தொலைபேசினான்.
குழாயில் தண்ணீர் ஓடுவதுபோல் இருந்தது.
"சரி" என்றேன்.
எதற்குச் சரி சொன்னேன், இன்னும் தெரியவில்லை.

கயிறு ஈரமாயிருக்கிறது.
பள்ளிச் சீருடையில் ஒரு பையன் நின்று
ஏதோ கேட்கிறான். உதட்டில் படித்தேன்:
காற்றே இல்லையே, சென்யோரா?
இருக்கிறது என்று இடக்காதைத் தொட்டுக் காட்டினேன்.
அவன் கொஞ்சம் யோசித்தான்.
பையைக் கழற்றி வைத்துவிட்டு
எனக்கு முன்னால் வந்து கயிற்றைப் பிடித்து
எதிர்க்காற்றில் சாய்பவனைப்போல் சாய்ந்தான்,
தவறான பக்கம்.