அறுபதாம் நாள் ஐஸ்

தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனியில்
பில் போடும் மேஜையிலேயே நிரலும் எழுதுகிறேன்.
கேள்வி ஓனருடையது:
எல்லாப் போட்டும் ஒரே நாளில்
ஐஸ் கேட்டு வந்து நிற்பது எப்போது?

இன்னாசிக்கு நாலு நாளுக்கொரு தடவை,
மடுத்தீனுக்கு ஆறு.
சந்தியாகு பத்து. ரீகன் பதினைந்து.

முதலில் அப்படியே பெருக்கிவிட்டேன்,
மூவாயிரத்து அறுநூறு.
பத்து வருஷம் கழிச்சா ஐஸ் உடைக்கணும் என்றார்.
மிச்சத் திட்டை
ஐஸ் அரைக்கும் மிஷின் விழுங்கிவிட்டது.

பிறகு இரண்டிரண்டாகப் பிடித்தேன்.
நாலுக்கும் ஆறுக்கும் பொதுவாய்க் கிடக்கும் இரண்டை
ஒரே ஒருமுறை எண்ணினால் பன்னிரண்டு.
அந்தப் பன்னிரண்டோடு பத்தைச் சேர்த்தால் அறுபது.
ரீகனின் பதினைந்து உள்ளே வந்தது,
அறுபது அசையவில்லை.
அவனுக்கு அதில் ஏற்கெனவே இடம் இருந்திருக்கிறது.

ஐந்தாவது பெயர் பிலோமின்தாஸ்.
போட்டு காங்கேசன்துறையில் கட்டிக் கிடக்கிறது,
ஆடியிலிருந்து.
எத்தனை நாளுக்கொரு தடவை என்ற கட்டத்தில்
பூஜ்யம் போட்டேன்.

விடையும் பூஜ்யம்.
பிழை என்று எதுவும் காட்டவில்லை.
எல்லோரும் சேர்ந்து வருவது பூஜ்யமாம் நாள்.
அது இன்றைக்கா,
என்றைக்குமே இல்லையா?

பூஜ்யம் வந்தால் தாண்டிப் போ.
ஒரு வரிதான். சேர்த்தேன்.
அறுபது திரும்பி வந்தது.

மதியம் பிலோமின்தாஸ் வீட்டுக்காரி ரெஜிஸ்மேரி வந்தாள்,
பழைய ஐஸ் பாக்கி எவ்வளவு என்று கேட்க.
அவள் சில்லறை எண்ணி முடித்துப் போகும்வரை
அந்த வரி தெரியாதபடி
திரையை மேலே உருட்டி வைத்திருந்தேன்.