நீ புகைத்த பக்கம்

புகையிலை சுருட்ட
வேதப்புத்தகத்தின் தாளைவிட நல்லது
சுரங்கத்தில் கிடைக்காது என்பாய்.
படித்துவிட்டுத்தான் கிழிக்கிறேன் என்று
சத்தியமும் செய்வாய், செகோபோ.
பாவத்திலும் ஓர் ஒழுங்கு உனக்கு.

நெஞ்சு நிறையக் கல்தூசியோடு
மலைக்குத் திரும்பி வந்தாய்.
பதினோரு மாதம் இருமினாய்.
ஜூன் பனியில் நிலம் இறுகிக் கிடந்தது.
வறட்டி அடுக்கித் தீ மூட்டி
மண்ணை இளக்கித்தான்
உனக்குக் குழி வெட்டினார்கள்.

நஷ்டஈட்டுத் தாள்கள்
மசேருவில் யாருடைய மேசையிலோ.
கடைக்காரர் என் பெயருக்கு நேரே
இன்னொரு கோடு போட்டார்.
இரண்டு ஆட்டுக்குட்டிகள் விறைத்துச் செத்தன.

உன் புத்தகத்தைத் திறந்தால்
கிழிந்த இடத்தில்தான் அது விரிகிறது.
அரசிக்குப் பயந்து ஓடிய தீர்க்கதரிசி
ஒரு நாள் முழுக்க வனாந்தரத்தில் நடந்து
சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து
இனி முடியாது, உயிரை எடுத்துக்கொள் என்கிறான்.
அங்கே பக்கம் முடிகிறது.
அடுத்த தாள்
பூமிக்கடியில் எங்கோ புகையாகிப் போனது.

இரவுதோறும் அதையே படித்தேன்.
வேதத்துக்குள்ளேயே ஒருவன்
இப்படிக் கேட்டிருக்கிறான்,
யாரும் அந்த வரியை அடித்துவிடவில்லை
என்பதே எனக்கு ஒரு போர்வை.
அப்புறம் என்ன ஆனான் என்று
ஒருவரிடமும் கேட்கவில்லை.
நல்ல முடிவைச் சொல்லிவிடுவார்களே.

பிறகு நானும் படுத்துவிட்டேன்.
மூன்றாம் நாள் கதவை உதைத்தது ஒரு கால்.
மாபுலேங்!
நம் காளை அவள் சோளத்தை மேய்ந்ததிலிருந்து
நான்கு வருடமாகப் பேசாதவள்.
இரண்டு கையிலும் மூன்றுகால் இரும்புச் சட்டி.
எழுந்திரு, சாப்பிடு என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
அடி கருகிய அப்பம்,
எண்ணெய் டின்னில் தண்ணீர்.
தின்னும்வரை இடுப்பில் கைவைத்து நின்றாள்,
மூக்குப்பொடியைத் தட்டிக்கொண்டே போனாள்.
நான் மறுபடி தூங்கினேன்.

சாயங்காலம் மறுபடி அதே உதை.
"எழுந்திரு. நாளை மசேரு வண்டி பிடிக்க
ஆறு மணி நேரம் நடக்கணும்.
வெறும் வயிற்றோடு நடந்தால் வழியிலேயே விழுவாய்."

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு
போதகர் அந்தக் கதையை முழுதாக வாசித்தார்.
தூதன் வருகிறான், தொடுகிறான்.
தழலில் சுட்ட அடை, தலைமாட்டில் தண்ணீர்.
பிரசங்கம் இல்லை, கண்டிப்பு இல்லை.
தின்றுவிட்டு அவன் மறுபடி தூங்குகிறான்.
தூதன் இரண்டாம் முறையும் வந்தபோது
வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
பெஞ்சு முழுக்கத் திரும்பியது.
மாபுலேங் முறைத்தாள்.

படித்துவிட்டுத்தான் கிழித்தாய் என்றால்
உனக்கு இது முன்பே தெரியும்.
ஓரத்தில் ஒரு வார்த்தை
எழுதி வைத்திருக்கலாம், பாவி.

தாள்கள் இன்னும் மசேருவில்தான்.
அவள் சட்டி
இன்னும் என் வீட்டில்.