விழாத சில்லறை

கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும்
ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவன் நான்.
சத்தத்தை நிறுத்து விற்கிறவனுக்கு
ஒரு சைலன்சர் தெரிவுசெய்ய இவ்வளவு நேரமோ என்று
பத்திநாதன் சிரிக்கிறான்.
கையில் பதின்மூன்றாம் நம்பர்ச் சாவி,
காதுமடலில் கிறீஸ்.

பலாலி வீதி, திருநெல்வேலிச் சந்தைக்கு எதிரே
தகரக் கூரைக்குக் கீழே
மூன்றையும் சாக்கில் கிடத்தியிருக்கிறான்.
பக்கத்தில் என் குரூஸர், பழைய குழாய் கழன்று.
தாழ்ந்த இருக்கை, முன்னே நீட்டிய கால், அகன்ற ஹாண்டில்.
உட்கார்ந்தால் சாய்மனைக் கதிரை.
ஸ்ரார்ட் பண்ணினால் தையல் மெஷின்.

முதலாவது குட்டை. வாயைச் சரிவாய் வெட்டியது.
கொழும்பிலிருந்து பஸ்ஸின் கூரையில் வந்ததாம்.
குரோமில் என் முகம் பூசணிக்காய் அளவு.
பொருத்தி முறுக்கினான்:
நாதஸ்வரம் வந்துவிட்டது, தவில் வரவில்லை.
"இது பண்ணை உப்புக்காத்துக்கு ஒரு மாரி தாங்காதண்ணை,
அப்பளம் மாதிரிக் கழரும்."
விற்கிறவனே சொல்கிறான். அதனால்தான்
வேறு கராஜுக்குப் போவதில்லை.

இரண்டாவது கறுப்பு, நேர்க்குழாய், உள்ளே ஒன்றுமில்லை.
ஒரு கண்ணை மூடிப் பார்த்தால்
மறுமுனையில் சந்தை தெரிகிறது,
ஒரு ரூபாக் குற்றி அளவு சந்தை,
நடுவில் ஒரு வாழைக்குலை.
உண்மையைச் சொன்னால் இதை வாங்கத்தான் வந்தேன்.
முறுக்கினான். வயிற்றில் கேட்டது.
கூரைத் தகரம் சேர்ந்து பாடியது,
போத்தலுக்குள் பெற்றோல் நடுங்கியது.
நான் தலையாட்டத் தொடங்கினேன்.
பிறகு அவன் முறுக்கிய கையை விட்டான்.

பட்.
பட்பட்.

எரியாத பெற்றோல் குழாய்க்குள் வெடிக்கிறது,
வேறொன்றுமில்லை,
ஜெட் மாத்தினால் குறையும் என்று
அவன் விளக்கிக்கொண்டிருந்தான்.
நான் றோட்டுக்கு அங்கால் பார்த்தேன்.

வாழைக்குலைக்காரர் குனிந்திருந்தார்,
குலைகளுக்கும் கீழே, தராசுக்கும் கீழே.
அறுபது வயதிருக்கும்.
மெல்ல நிமிர்ந்தார்,
விழாத சில்லறையை
மண்ணிலிருந்து பொறுக்கிக்கொண்டு.
எண்ணினார். மடியில் போட்டார்.
யாரும் பார்க்கவில்லை என்பதை
இரண்டு தடவை பார்த்தார்.

பத்திக்கு இருபத்திரண்டு. அவனுக்கு அது ஒரு சத்தம்.
எனக்கு நாற்பத்தொன்று. எனக்கும் சத்தம்தான்.
ஆனால் என் கை பெற்றோல் தாங்கியை
அமத்திப் பிடித்திருந்தது.
எப்போது அங்கே போனதென்று தெரியாது.

"மற்றதைப் போடு" என்றேன்.

மூன்றாவது கோண்டாவிலில் யாரோ ஒட்டியது.
துருப்பிடிக்காத உருக்கு,
ஒட்டின இடமெல்லாம் மீன்செதில்.
உள்ளே துளைபோட்ட ஒரு குழல், ஒரே நட்டில் நிற்கிறது.
இருந்தால் முணுமுணுப்பு,
கழற்றினால் இரண்டாவதன் தம்பி.
முப்பத்தெட்டாயிரம் என்றான்,
முப்பத்தைந்துக்கு இறங்கினான், கிளாம்ப் இனாம்.
முறுக்கிவிட்டபோது
குலைக்காரர் யாருக்கோ கதலி நிறுத்துக்கொண்டிருந்தார்.
கூடப் போட்டதை எடுப்பதா விடுவதா என்பது மட்டுமே
அவருடைய யோசனை.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.
அன்றிரவே பண்ணைப் பாலம் தாண்டி
இரண்டு பக்கமும் கடலும் களங்கட்டித் தடிகளும்
மட்டும் இருந்த இடத்தில் நிறுத்தி,
ரோச்சைப் பல்லில் கடித்தபடி
அந்த நட்டைக் கழற்றினேன்.
மண்டைதீவுச் சந்திவரை
நாலு மாதம் கனவில் கேட்டதை
காதாலும் தொடையாலும் கேட்டேன்.
கொக்குகள் எழும்பின.
அவற்றிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

திரும்பு முன் குழலை உள்ளே செருகினேன்,
சூடு ஆறும்வரை பொறுக்காமல்.

அடுத்த நாள் கோயிலில்
இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு என்று
சைகை காட்டினார் தர்மகர்த்தா.
கொப்புளம் போட்ட பெருவிரலால்
கொஞ்சம் கூட்டினேன்.
எரிந்தது.
விட்டுவிட்டேன்.