பல்லைப் பிடித்துப் பார்த்தது

கல்லறைக் கல்லில் முகம் பொறிக்கும் பட்டறை எங்களுடையது.
வார்லாமின் நெற்றி, கண், பாதி மூக்கு
வரை வந்தபோது
கணினி செத்தது.
கறுப்புக் கிரானைட்டில் மீசையில்லாமல்
ஒன்பது நாளாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
மகள் தினமும் போன் செய்கிறாள்.

நுக்ஸார் ஐந்நூறு லரியை எண்ணி வைத்து
"இதற்குள் முடி, மாக்வாலா" என்றார்.
அந்தக் காசுக்குப் புதிதாக வாங்கினால்
பெட்டி வரும்.
உள்ளே காற்று வரும்.

சனிக்கிழமை, வறண்ட பாலம்.
லாடா காரின் முன்மூடியில்
பழைய பதக்கங்கள், முள்கரண்டிகள், ஒற்றைப் பனிச்சறுக்குக் காலணி,
நடுவே ஒரு மதர்போர்டு.
இழுத்து மூடிய பல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததாம்.
இரண்டு கால் மடங்கிய பிராசசரை
அங்கேயே
காலிப் பென்சில் முனையால், மூச்சைப் பிடித்து
நிமிர்த்தினேன்.
ராம் ஒன்று பச்சை, ஒன்று நீலம்.
சேர்ந்து ஓடுமா?
"கல்யாணம் பண்ணிவைத்துப் பார்" என்றான் விற்றவன்.
பவர் சப்ளை மட்டும் புதிது.
நெருப்போடு எனக்குக் கஞ்சத்தனம் கிடையாது.

மீதி நூற்று எழுபது. மங்கிய போட்டோவிலிருந்து
முகத்தை மீட்க
கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும்.
பாலத்தில் எல்லாக் கார்டுக்கும் ஒரே ஜாதகம்:
பையன் விளையாடியது,
அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

திதூபே பேருந்து நிலையம்.
மெஸ்தியா மலையிலிருந்து இறங்கி வந்த டெலிகா வேன்.
பின்கதவைத் திறந்தான் முர்ஸாக்கான்.
உருளைக்கிழங்கு மூட்டைக்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவே
போர்வையில் சுற்றிப் பதினோரு கார்டுகள்.

தானம் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
ஒவ்வொன்றாகத் திருப்பி
அடியிலிருந்த தங்கப் பல்வரிசையைப் பார்த்தேன்.
ஐந்தாவதில் தேய்மானம் குறைவு.
விசிறியைச் சுண்டினேன், கரகரப்பில்லை.
முகர்ந்தேன்.
கருகல் இல்லை. வேறு ஏதோ.

"காசு தோண்டியதா?"
சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டான்.
"லாமாரியா மேல் சத்தியம் செய்" என்றேன்,
சும்மாதான்.

அவன் கை கார்டிலிருந்து விலகியது.
"ஊர் கூடி ஏற்கெனவே ஒரு சத்தியம் செய்தோம்,
மெழுகுவத்தி பிடித்து,
இனித் தோண்டமாட்டோம் என்று.
அதற்கப்புறமும் ஒரு குளிர்காலம் ஓட்டினேன்.
இன்னொரு பொய்க்கு என்னிடம் இடமில்லை.
இராப்பகலாக ஓடியதுதான்.
தொழுவத்தில் வைத்திருந்தேன்.
வெளியே ஆளுயரப் பனி,
உள்ளே கன்றுக்குட்டிக்கு வேர்த்தது.
நூற்று எழுபது சொல்ல வந்தேன்.
நூற்றிருபது கொடு."

பேரம் பேசத்தான் போயிருந்தேன்.
திறந்த வாயை மூடிக்கொண்டு
நூற்று நாற்பது கொடுத்தேன்.
நுக்ஸாரிடம் ஏன் என்று சொல்லவில்லை.

இரவு நான்கு திருகாணி கழற்றி
பெயின்ட் பிரஷ்ஷால் கூட்டினேன்.
தகடுகளுக்கிடையே வைக்கோல்,
ஒரு செம்மயிர்.
பழைய பசை காய்ந்த சேறாக உதிர்ந்தது.
புதுப் பசை ஓர் அரிசி அளவு. மூடினேன்.

முதல் தடவை திரை வரவில்லை.
இரண்டாவது தடவை நீளமாக ஒரு பீப்.
நீல ராமைக் கழற்றி
அழிரப்பரால் பல் தேய்த்து
இடம் மாற்றி உட்காரவைத்தேன்.
தம்பதி சம்மதித்தார்கள்.

இரண்டு மணிக்கு வார்லாமின் மூக்கு முடிந்து
மீசை தொடங்கியது.
ஊசி கல்லைக் கொத்தக் கொத்த
விசிறி வேகமெடுத்தது, கார்டு சூடேறியது.
கல்தூசிக்கு நடுவே
பட்டறை முழுக்க
பால் கறக்கும் நேரத்து வாடை.

ஜன்னலைத் திறக்கலாமா என்று எழுந்தேன்.
வெளியே குளிர்.
திறக்கவில்லை.