பிறந்த நாடு என்னும் கட்டம்

சீனக்குடாவில் நங்கூரமிட்டுக் கிடந்தது
இரண்டு வயிறுள்ள ஒரு வெள்ளைப் படகு.
கச்சானில் சுக்கான் முறிந்து
மூன்று நாள் இழுபட்டு வந்ததாம்.
சுங்கக் கந்தோரிலிருந்து நான்தான் போனேன்,
நாலு பிரதிப் படிவமும்
மை கசியும் பேனையுமாக.

கலத்தின் வகை என்ன என்றேன்.
கட்டமரன் என்றான் குவென்டின்,
தோலுரிந்த மூக்கைச் சொறிந்துகொண்டு.

திருத்த வந்த கிண்ணியாச் சபூர்தீன்
படகை ஒருக்கால் சுற்றி வந்தான்.
விரல் மடக்கித் தட்டினான்.
"பைபர், மிஸ்.
கட்டும் இல்லை, மரமும் இல்லை.
பிறகென்ன கட்டுமரம்?"

கனடாவிலிருந்து வந்திறங்கும் மச்சானைப்போல
நின்றது அந்தச் சொல்.
நாலு கட்டையைப் பிணைத்துக்கொண்டு போனது,
குளிர்பெட்டியும் குளியலறையுமாகத் திரும்பியிருக்கிறது,
பெயரின் நடுவில் ஓர் உகரத்தைத்
தொலைத்துவிட்டு.
நான் அடையாளம் கண்டுகொண்டேன்.
அது என்னைக் காணவில்லை.

உள்ளே கூப்பிட்டு
தகரம் ஒன்றை வெட்டிச் சூடாக்கித் தந்தான்.
மல்லிகடானி என்றது மேலே ஒட்டிய தாள்.
மிளகுத்தண்ணி!
ஒரு மிடறு குடித்தேன்.
தண்ணி வந்து சேர்ந்திருந்தது.
மிளகு செங்கடலில் எங்கேயோ
தவறி விழுந்திருக்க வேண்டும்.

கட்டணத்தைக் கேஷாகக் கட்டலாமா என்று கேட்டான்.
அதுவும் எங்கள் காசுதான் என்று
மனசுக்குள் முத்திரை குத்திவிட்டேன்.
அன்றிரவு ஓர்ஸ்ஹில் வாடகை அறையில்
அகராதியைத் திறந்தால்
இல்லையாம்.
பணம் வைக்கும் ஏதோ பிரெஞ்சுப் பெட்டியாம் அது.
எழுத்து மாறாத இன்னொரு கேஷ் உண்டு,
சில்லறைச் செப்பு நாணயம்,
அதற்கு மட்டும் நாங்கள் சொந்தக்காரர்.
அது இப்போது எந்தக் கடையிலும் செல்லாது.

கோபத்தோடு கதிரையில் சாய்ந்தேன்.
கதிரை போர்த்துக்கேயன் விட்டுப்போனது.
அகராதியை அடைத்த அலுமாரியும் அவனுடையதே.
விடிந்தால் போகவேண்டிய கந்தோர்
ஒல்லாந்தனுடையது.
யாரை மறித்து
யாரிடம் தீர்வை கேட்பது?

மறுநாள் சபூர்தீன்
புதுச் சுக்கான் வரும்வரைக்கும் என்று
பழையதைக் கயிற்றால் வரிந்து கட்டினான்.
கொயர், கொயர் என்று
தலையாட்டினான் குவென்டின்.
கயிறு, என்றான் இவன், முடிச்சை இறுக்கியபடி.
இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான்
இழுத்துக்கொண்டிருந்தார்கள்
ஆளுக்கொரு நுனியில்.
"இப்பக் கட்டு இருக்கு, மிஸ்.
மரத்துக்கு நாளைக்குப் பார்ப்பம்."

சிரித்துக்கொண்டே
பயணக் குறிப்பேட்டை வாங்கினேன், பிரதி எடுக்க.
முந்தின துறைமுகத்தில் எழுதியிருந்தான்:
ஒன்பது நாள்
கரையேற விடாமல் வைத்திருந்தார்கள் எங்களை,
பறையாக்களைப்போல.

பேனை நின்றது.

சுருட்டும் கயிறும் ஏற்றிய கப்பலில்
இதையும் ஏற்றியது யார்?
களவாகப் போனதல்ல இது.
நாங்களே மனிதர் மேல் ஒட்டி
நாங்களே உள்ளே விடாமல்
வாசலில் நிறுத்திவைத்த பெயர்.
வந்தவன் பார்த்தான்,
பொருளையும் சேர்த்தே எடுத்துப் போனான்.
கட்டுமரம் உருமாறியது.
மிளகு காரம் இழந்தது.
இது மட்டும்
ஒரு கீறலும் விழாமல்
கொடுத்தபடியே திரும்பி வந்திருக்கிறது.

இந்தச் சொல்லின் கதை தெரியுமா என்றான்
என் முகத்தைப் பார்த்து.
ஏற்றுமதி செய்தவர் பெயர் என்று
ஒரு கட்டம் இருந்தது படிவத்தில்.
வேறெதற்கோ உள்ளது.

எங்கள் பக்கம் பறைதல் என்றால் கதைத்தல்.
பறை என்றால் மேளம்,
பறை என்றால் சொல்.

கையெழுத்தை வைத்துவிட்டு
ஒன்றும் பறையாமல்
இறங்கி வந்தேன்.