பதினைந்தாவது பெயர்

முதல் படிவத்தில் நூற்று எண்பத்தாறு பேர்.
அலுவலகக் கணினியில் நான்கு கட்டங்கள்:
மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர்.
வெள்ளிக்குள் வேண்டுமென்று புவான் ரோஸ்னானி
இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டார்.
இரண்டு தரமும் எனக்கு
நூற்று எண்பத்தேழு வந்தது.

பிள்ளைகள் நிரப்பிய தாள்களை மறுபடி புரட்டினேன்.
நீல மை, கறுப்பு மை, மைலோ கறை.
பெயரைப் பார்த்ததும் கட்டத்தைச் சொல்லும் பழக்கம்
இருபது வருடத்தில் கைக்கு வந்திருந்தது;
இந்தக் கட்டுத் தாளில் அது அடிக்கடி சறுக்கியது.
கேத்தரின் அனாக் இம்பாங், மற்றவர்.
ஹர்லீன் கோர், இந்தியர். தமிழ் தெரியாது,
'வணக்கம்' மட்டும் கேலியில்லாமல் சொல்வாள்.

ஜெலுத்தோங்கில், இதே பள்ளியில்தான் நானும் படித்தேன்.
மழைநாளில் சபை கூடினால்
கூரைக்குக் கீழே நிற்க இடம் போதாது.
இப்போது மேல்மாடியில் நான்கு வகுப்பறை
உடைந்த நாற்காலிகளுக்கு.
என் பக்கத்தில் உட்கார்ந்த மெய் லிங்கின் மகன்
சுயேச்சை சீனப் பள்ளியில்.
ஸுரைடாவின் பெண் ஈப்போவில், விடுதிப் பள்ளியில்.
என் மகள்,
சொல்லத்தான் வேண்டும்,
மாதம் ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட் கட்டி
அனைத்துலகப் பள்ளியில்.
இங்கே குறைந்துபோன தலைகளில் ஒன்று
தினமும் என் வீட்டில்தான் சாப்பிடுகிறது.

அந்தக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும்.
எனக்கு வேண்டியது பதினைந்து.
பதினைந்து பெற்றோர் கேட்டால்தான் தமிழ் வகுப்பு.
செவ்வாய் இரண்டரைக்கு, இரசாயனக் கூடத்தில்;
ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும்.
இந்தியர் இருபத்திரண்டு என்கிறது கட்டம்.
செவ்வாய் எனக்குப் பூப்பந்து என்றவன்,
ஆயர் ஈத்தாம் பேருந்து போய்விடும் என்ற இரட்டையர்,
'தமிழ்ல ஏ எடுக்கிறது கஷ்டம் டீச்சர்,
வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க'
என்று தரையைப் பார்த்துச் சொன்ன கிஷாலினி,
இப்படிக் கழித்துக் கழித்து
பதினான்கு.
பதினான்கு என்றால் ஒன்றுமில்லை என்று பொருள்.

புதன்கிழமை இடைவேளையில் வாசலில் ஒருவன்.
சட்டைப் பையின்மேல் ஹாஸிக் என்று தைத்திருந்தது.
மலாய்க்காரர் கட்டத்தில் அறுபத்தோராவது ஆள்.
'தமிழ்க் கிளாஸ்ல என்னயும் சேத்துக்குவீங்களா?'
ஏனப்பா என்றேன்.
'அத்தாவோட நாசி கண்டார் கடையில
கடன் நோட்டு தமிழ்ல இருக்கு டீச்சர்.
பேச வரும், படிக்க வராது.
யார்கிட்ட காசு கேக்கணும்னே தெரியல.'

மொழியைக் காக்க வேண்டும் என்று
மேடை போட்டுப் பேசியவர்கள் நிறைய பேரைக் கேட்டிருக்கிறேன்.
இவ்வளவு சரியான காரணத்தை
ஒருவரும் சொன்னதில்லை.

மறுநாள் தாள் திரும்பி வந்தது, மூலையில் குழம்புக் கறையோடு.
தந்தையின் கையெழுத்து கோட்டைத் தாண்டி ஓடியிருந்தது:
காதர் மைதீன் என்று
உருண்டை உருண்டையான தமிழில்.
இவன் எந்தக் கட்டம் என்று மேலிடம் கேட்குமோ என்னவோ.
கேட்கட்டும்.

அந்த நூற்று எண்பத்தேழாவது ஆளும் அகப்பட்டான்.
கூய் வெய் ஜியான் கதிரவன்.
அப்பா கூய், அம்மா தமயந்தி.
இரண்டு கட்டத்திலும் குறி, அழுத்தி,
நல்லவேளை பென்சிலில்.
கூப்பிட்டு அழிப்பானைக் கொடுத்தேன்.
கணினி ஒன்றைத்தான் ஏற்கும், ஒன்றை அழித்துவிடு.

குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தான்.
'எதை அழிச்சா கணக்கு சரியா வரும்?'
எதை அழித்தாலும் வரும் என்றேன்.
மணி அடித்தது.
'அப்ப நீங்களே அழிச்சிடுங்க டீச்சர்'
என்று சிற்றுண்டிச்சாலைக்கு ஓடிவிட்டான்.

வெள்ளிக்கிழமை, பதினொன்றே கால்.
தாள்மேல் அழிப்பான் கிடக்கிறது.
புவான் ரோஸ்னானி
மூன்றாம் தரம் எட்டிப் பார்க்கிறார்.