ஐந்தாவது முத்திரை

நவ ஷேவா சுங்க மாளிகையில்
கடிதம் வாங்கும் ஜன்னலுக்குக்
கை மட்டும்தான் உண்டு.
நீளும், வாங்கும், குத்தும்.
நீல மையில் தேதி,
தேதிமேல் ஒரு கிறுக்கல்.

நான் தரகர் ஆபீஸ் குமாஸ்தா.
மனுவின் வாசகம் முதலாளியுடையது,
கையெழுத்து மரியசூசையுடையது,
பேலாப்பூரில் இறங்கி
ஷேர் ஆட்டோவில் தொங்கும் கால்கள் என்னுடையவை.

மார்ச்சில் முதல் மனு:
பொத்தான்கள் ஐயா, பதினோரு டன்.
விலையைக் குறைத்துக் காட்டவில்லை.
சந்தேகமிருந்தால் பத்திரம் எழுதித் தருகிறோம்,
சரக்கைத் தற்காலிகமாகவாவது விடுங்கள்.
முத்திரை.
ஏப்ரலில் அதையே இன்னும் குனிந்து.
மூன்றாவதில் குனிவு குறைந்து
சட்டப் பிரிவுகள் ஏறியிருந்தன.
நான்காவது ஒரே வரி:
எங்கள் கடிதங்கள் கிடைத்தனவா?
அதற்கும் முத்திரை.

ஜூலை மழை.
கன்டெய்னர் வாடகைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.
தாராவி தொண்ணூறடி ரோட்டுப் பட்டறையில்
நாலாயிரம் சட்டைகள்
காஜா எடுத்து முடித்து
நெஞ்சைத் திறந்துபோட்டுத் தொங்குகின்றன.
"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா
வேற எங்கயாச்சும் வாங்கித் தச்சிருவேன்" என்கிறார் மரியசூசை.
சொல்லத்தான் ஆளில்லை.

வக்கீல் ரோஷன் தாராபூர்வாலா
நாலு நகல்களையும்
சீட்டுக்கட்டுபோல் மேஜையில் பரப்பினார்.
இல்லை என்று எழுதியிருந்தால்
மேல்முறையீடு போடலாம்.
ஒன்றும் எழுதாத காகிதத்தை எதிர்த்து
எந்த வாசலில் நிற்பது?
ஹைகோர்ட்தான்.

வரிசை எண் நாற்பத்தேழு.
பதினொன்றிலிருந்து மூன்றேகால் வரை
என் செருப்பு ஈரம் காயவில்லை.
துறை வக்கீல் எழுந்தார்:
மேலிடத்தில் கேட்டுச் சொல்ல அவகாசம் வேண்டும்.
நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
உண்டு, இல்லை.
இரண்டில் ஒன்றைச் சொல்ல எத்தனை மாதம்?

பிறகு சுருக்கெழுத்தருக்கு நடந்தது இரண்டு நிமிடம்.
நான்கு வாரத்துக்குள்
மனுதாரரை நேரில் கேட்டு
காரணம் எழுதி முடிவெடுக்கவும்.
சரக்கின் நியாயம் பற்றி
நாங்கள் எதுவும் சொல்லவில்லை.
நாற்பத்தெட்டு.

தாழ்வாரத்தில் மரியசூசை கேட்டார்:
ஜெயிச்சுட்டமா?
சரக்கு வரவில்லை.
வரும் என்றும் சொல்லவில்லை.
"பதில் வரும் அண்ணாச்சி."
"பதிலுக்காடே இம்புட்டு ஃபீஸு?"
சிரித்தார். நானும்.
பக்கத்தில் யாரோ அதட்டினார்கள்.

சான்றிட்ட நகலோடு
மறுபடி அதே ஜன்னல்.
கை நீண்டது, வாங்கியது,
குத்தவில்லை.
முதல் முறையாக அந்தக் கைக்குப் பின்னால்
ஒரு முகம் குனிந்து படித்தது,
வரி வரியாக, உதடு அசைய.
ஐம்பது வயதிருக்கும். ஜலதோஷம்.
சட்டைக் கை மடிப்பில்
பொத்தான் இருந்த இடத்தில் ஒரு ஊக்கு.

என் பையில் சாம்பிள் அட்டை இருந்தது,
பன்னிரண்டு அளவு, ஆறு நிறம்.
நீட்டவில்லை.
நீட்டினால் அதற்குச் சட்டத்தில் வேறு பெயர்.

நாலு வாரமா, என்று இந்தியில் கேட்டார்.
இன்றிலிருந்து, என்றேன்.
காலண்டரைத் திருப்பி
பென்சிலால் ஒரு தேதியைச் சுழித்துவிட்டு
அப்புறம் குத்தினார்.

மை இன்னும் ஈரம்.
மழையில் கலையாமலிருக்க
சட்டைக்குள் வைத்துப்
பொத்தான்களைப் போட்டுக்கொண்டு
ஷேர் ஆட்டோவுக்கு ஓடினேன்.